கடைசி ஓட்டை

எங்கள் கட்டடத்தில் அவரை எல்லோரும் பூட்ஸ் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே பூட்ஸ் அண்ணன், முதுகுக்குப் பின்னால் வெறும் பூட்ஸ். முழங்கால் வரை வரும் கறுப்பு ரப்பர் பூட்ஸ். வெயில் கொளுத்தினாலும் அதுதான், மழை கொட்டினாலும் அதுதான். படுக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று இரண்டாம் மாடிக்காரி ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அன்று முழுக்கப் படிக்கட்டில் அதே பேச்சு. "கால்ல என்ன புதையலா வச்சிருக்காரு?" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தவர்களில் காரணம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

இது அவரைப் பற்றி எழுதுவது. நான் வரும் இடங்களில் என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வராது. வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கட்டடம் நான்கு மாடி, மாடிக்கு நான்கு வீடு. நடுவில் மேலிருந்து கீழ்வரை மூன்றடி அகலத்தில் ஒரு சந்து. எல்லா வீட்டுக் குழாய்களும் அதற்குள்தான் இறங்குகின்றன. யாருடைய ஜன்னலும் அந்தப் பக்கம் திறப்பதில்லை. வெளிச்சமும் கிடையாது, மனிதக் கண்ணும் கிடையாது. கட்டியவன் அதை நமக்காகக் கட்டவில்லை, எலிக்காகத்தான் கட்டினான் என்பார் பூட்ஸ்.

நான் மூன்றாம் மாடியில் தையல் வேலை செய்கிறேன். கணவர் கப்பலில் வேலை. வருடத்தில் பத்து மாதம் நானும் மிஷினும்தான். ஒருநாள் ஒரு வாடிக்கையாளரின் கம்பளிக் கோட்டை உள்துணி மாற்றுவதற்காக அலமாரியிலிருந்து எடுத்தேன். பாக்கெட்டில் ஏதோ கனத்தது. கையை விட்டேன். சூடாக இருந்தது, அசைந்தது. ஏழு குஞ்சுகள். கண் திறக்காதவை. வயிற்றுத் தோல் வழியாகக் குடித்த பால் வெள்ளையாகத் தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் நான்கு மாடியும் திரண்டு வந்துவிட்டது.

கட்டடச் சங்கத்துச் செயலாளர் எதையும் அறிவிப்பு ஒட்டித் தீர்க்கப் பார்க்கிற மனுஷன். "எலிகள் நடமாட்டம் குறித்து" என்று தலைப்பிட்டு ஒன்றை எழுதிப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டினார். மூன்றாம் நாள் அதன் கீழ்ப்பாதியை எலி கடித்துக் கொண்டுபோய்விட்டது. அதற்கு அப்புறம்தான் எலி ஒழிக்க ஆள் வரவழைத்தார். அவர்தான் பூட்ஸ்.

வந்த ஆளுக்கு வயது அறுபதுக்குப் பக்கம். ஒல்லி. தோளில் ஒரு பை, கையில் ஒரு டார்ச், மேலெல்லாம் முகப்பவுடர் வாசனை. முப்பது வருஷம் தொலைபேசிக் கம்பி இழுத்தவராம். அலுவலகங்களின் பொய்க்கூரைக்கு மேலே தவழ்ந்து தவழ்ந்து கம்பி இழுக்கிற வேலை. அங்கே துணைக்கு எலிகள்தான் இருந்தன. ஊரில் கம்பிக்கு வேலை போனபோது, கற்றது எலிதான் என்று இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார். மனைவி இறந்து பல வருஷம். மகள் வேறு ஊரில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பேசுவாள்.

"விஷம் வைக்க மாட்டேன்," என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "வச்சா சுவத்துக்குள்ள போய்ச் சாகும். அப்புறம் நாத்தம் தாங்காம நீங்கதான் வீட்டைக் காலி பண்ணணும். வழியை அடைச்சுடறேன். அதுங்களா போயிடும்."

"எத்தனை நாள் ஆகும்?" என்றார் செயலாளர்.

"அதுங்க எத்தனை நாளா இருக்குன்னு சொல்லுங்க, நான் சொல்றேன்."

கீழ்த்தளத்தில் சந்தின் அடியில் பழைய மோட்டார் அறை ஒன்று சும்மா கிடந்தது. வேலை முடியும்வரை அங்கேயே தங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு இரும்புக் கட்டில், ஒரு பல்பு, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, அவ்வளவுதான்.

வேலையை என் வீட்டில்தான் ஆரம்பித்தார். பவுடர் டப்பாவைத் திறந்து சுவரோரமாக விரல்கடை அகலத்துக்குத் தூவிக்கொண்டே போனார். எனக்குக் கோபம். பெருக்கித் துடைத்த தரை. மறுநாள் காலையில் வந்து என்னைக் குனியச் சொன்னார். கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

என் படுக்கையறைக்குள், என் தலைமாட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரு சாலையே போயிருந்தது. சின்னச் சின்னக் கால்கள். நடுவில் வால் இழுபட்ட கோடு.

"முன்னங்கால்ல நாலு விரல், பின்னங்கால்ல அஞ்சு. விரல் எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் போயிருக்கு. நடு ரூமுக்கு வராது தங்கச்சி. மீசை சுவத்துல உரசிக்கிட்டே இருக்கணும் அதுக்கு. கண்ணு மட்டம். மீசைதான் கண்ணு."

சுவரின் அடியில் கறுப்பாக ஒரு எண்ணெய்க் கறையைக் காட்டினார். ஈரம் என்று நினைத்து நான் இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்த இடம். எத்தனையோ மாதமாக எத்தனையோ உடம்புகள் உரசி உரசி விழுந்த கறை அது. குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் ஒரு இடைவெளி. அவர் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார், போயிற்று. "கட்டை விரல் போனா தலை போகும். தலை போனா மொத்தமும் போகும்." சந்துக்குள் அவை எப்படி ஏறும் என்று கேட்டேன். முதுகைச் சுவரில் அழுத்தி, காலைக் குழாயில் ஊன்றி, நாம் ஏணியில் ஏறுவதைவிட வேகமாக நாலாம் மாடிக்குப் போய்விடுமாம். செங்கல் சுவரென்றால் குழாய்கூட வேண்டாம். கம்பியில் நடக்கும், வாலை இப்படியும் அப்படியும் ஆட்டி நிலை பார்த்துக்கொள்ளும். கழிப்பறைத் தண்ணீருக்குள் மூழ்கிக்கூட மேலே வரும். அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் கழிப்பறைக்கு டார்ச்சோடுதான் போனேன்.

என் ஜன்னல் திரைகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தரைவரை தொங்குகிற நீளத் திரைகள், நானே தைத்தவை. "அழகா இருக்கு. ஆனா தரையைத் தொடற துணி எதுவும் அதுக்கு ஏணிதான். ஒரு சாண் தூக்கித் தைச்சிடுங்க."

தூக்கித் தைத்தேன். அந்த ஒரு சாண் இப்போதும் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இரண்டாம் நாள் அவர் படியிறங்கிப் போனபின் தரையில் சிவப்புப் பொட்டுகள் கிடந்தன. என் மிஷினடியிலிருந்து வாசல்வரை. பின்னாலேயே ஓடினேன். பூட்ஸ் அடிப்பாகத்தில் என்னுடைய பெரிய ஊசி, கோட்டுத் துணிக்குப் போடுகிற தடித்த ஊசி, தலைவரை ஏறியிருந்தது. ரப்பர் வெடிப்பு வழியாக ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மூன்று மாடி இறங்கியிருக்கிறார். தெரியவே இல்லை.

படியில் உட்காரவைத்து ஊசியைப் பிடுங்கினேன். எனக்குத்தான் வலித்தது. அவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சர்க்கரை," என்றார். "கணுக்காலுக்குக் கீழ ஆறு வருஷமா உணர்ச்சி கிடையாது. அடுத்தவன் கால் மாதிரி இருக்கும்."

பூட்ஸைக் கழற்றியபோது இடதுகாலில் இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. ஒழுங்கில்லாமல், நகத்தையும் சேர்த்து, கொறித்து எடுத்த மாதிரி. அவரே சொன்னார். ஒரு கிடங்கில் வேலைக்குத் தங்கியிருந்தபோது நடந்ததாம். காலையில் எழுந்து பார்த்தால் விரிப்பெல்லாம் சிவப்பு. வலியில்லை, அதனால் முழிப்பும் இல்லை.

"உசிரு உள்ள காலுன்னா ஒரு உதறு உதறும், பயந்து ஓடிடும். இது உதறாதுன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு. அன்னைக்குப் போட்ட பூட்ஸ்தான். தூங்கும்போது கழட்டறதில்ல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லிடாத தங்கச்சி. எலி கடிச்சவனை எலி அடைக்க எவன் கூப்பிடுவான்?"

சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து மதியச் சாப்பாடு என் வீட்டிலிருந்து அவருக்குப் போனது. ஊசி குத்தினவள் என்ற குற்ற உணர்ச்சிதான் முதலில். பிறகு பழக்கமாகிவிட்டது. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது.

இரண்டு மாதம் வேலை நடந்தது. மேல்மாடியிலிருந்து கீழ்நோக்கி. ஒவ்வொரு குழாய் இடுக்கிலும் பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைத் திணித்து, மேலே சிமெண்டு பூசினார். கதவுகளுக்கு அடியில் தகரப் பட்டை அடித்தார். நாலாம் மாடி அடங்கியது. மூன்றாம் மாடி அடங்கியது. மேலே அமைதியாக ஆகக் கீழே சத்தம் கூடியது. முதல் மாடிக்காரர்கள் செயலாளரிடம் போய், "மேல இருக்கறதெல்லாம் எங்க தலையில தள்ளி விடறாரு" என்று சண்டை பிடித்தார்கள். அது உண்மைதான். அதுதான் அவருடைய முறையே.

ஒரு மதியம் என் மிஷின் பக்கத்தில் நின்றபடி அதை விளக்கினார். எல்லா ஓட்டையையும் அடைக்கலாம், கடைசி ஒன்றை மட்டும் அடைக்கக்கூடாது. அடைத்தால் உள்ளே கூடு வைத்திருப்பவை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்தக் கடைசி ஓட்டையில் தகரத்தில் ஒரு சின்னக் கதவு, வெளிப்பக்கம் மட்டும் திறக்கிற மாதிரி. முதல் பத்து நாள் அதைத் தூக்கிக் கட்டி வைத்திருக்கவேண்டும். புதுப்பொருள் எதைக் கண்டாலும் எலி கிட்டே வராது. பழகுகிறவரை போகட்டும், வரட்டும். பழகினபிறகு கதவை இறக்கிவிட்டால், போவது போகும், திரும்பி வரமுடியாது. எல்லாம் போனதும் சிமெண்டு.

நான் தலையை ஆட்டினேன். அன்று ஒரு கல்யாண ஆர்டர், தலைக்கு மேல் வேலை. மிஷின் சத்தத்தில் பாதி காதில் விழுந்தது, பாதி விழவில்லை. விழுந்ததையாவது மறக்காமல் இருந்திருக்கலாம்.

கடைசி ஓட்டை யார் வீட்டில் என்ற கேள்வி வந்தபோது பதினாறு வீடும் வாயை மூடிக்கொண்டது. செயலாளர் தன் வீட்டுச் சுவர் புதுசாக வண்ணம் அடித்தது என்றார். முதல் மாடிக்காரி பச்சைக்குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். நான் துணிகளைக் காட்டினேன். ஆமாம், நானும்தான்.

"என் ரூம்ல இருக்கட்டும்," என்றார் பூட்ஸ். "சந்துக்கு அடியிலதான இருக்கு. குழாய் வழியா இறங்கி, சுவரோரமா போயி, பின்சுவத்து ஓட்டை வழியா சாக்கடைக்குப் போயிடட்டும்."

ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. செயலாளர் கைகூடத் தட்டினார்.

நான் மட்டும் படியில் மறித்து, "அண்ணே, உங்க காலு?" என்றேன்.

"பூட்ஸ் இருக்கில்ல?"

கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்து அறையின் நடுவில் போட்டார். நான்கு கால்களிலும் வழுவழுப்பான தகரத்தைக் குழலாகச் சுற்றினார். நகம் பிடிக்காது, ஏற முடியாது. குளிருக்கு நான் துண்டுத் துணிகளை இணைத்து ஒரு பெரிய போர்வை தைத்துக் கொடுத்திருந்தேன். படுக்குமுன் அதன் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்வார், ஒரு நூல்கூடத் தொங்காது. உள்ளே இன்னும் இருபதுக்குக் குறையாது என்று பவுடரைப் பார்த்துக் கணக்குச் சொன்னார். தகரக் கதவு இன்னும் தூக்கிக் கட்டியபடியே இருந்தது. வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை இறக்குவதாக இருந்தார்.

திங்கட்கிழமை அவர் நொண்டி நடந்தார். வலியால் இல்லை, பூட்ஸுக்குள் கால் வீங்கியதால். நான் வற்புறுத்திக் கழற்றவைத்தேன். இடது குதிகாலில் ரப்பர் தேய்த்துத் தேய்த்து ஒரு புண், எட்டணா அகலம். எத்தனை நாளாகவோ. மருத்துவமனையில் டாக்டர் பூட்ஸைத் தூக்கிக் குப்பைத்தொட்டியிலேயே போட்டுவிட்டார். மூன்று வாரத்துக்குக் காலில் எதையும் மாட்டக்கூடாது, காற்றுப்படவேண்டும், இரண்டு நாளைக்கு ஒருமுறை கட்டு மாற்றவேண்டும்.

"அண்ணே, அந்த ஓட்டையை அடைச்சிடுங்க. இல்லன்னா என் வீட்டுக்கு வந்து படுங்க."

"ஊரு என்ன பேசும்? ஞாயித்துக்கிழமை வரைக்கும்தானே. நான் இல்லாதப்ப யாரும் அதைத் தொடாம பாத்துக்க, போதும்."

அந்தப் பொறுப்பை என்னிடம்தான் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை கட்டு மாற்றப் போயிருந்தார். நான் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அறைக்குள் போனேன். முந்தைய சாயங்காலம் தூவிய பவுடர் பின்சுவர் ஓரத்தில் வெள்ளையாகக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். இரண்டு மாதத்தில் எனக்கும் கால் வாசிக்கத் தெரியும் என்று ஒரு கர்வம். ஓட்டையின் வாசலில் அடிகள் தெளிவாக இருந்தன. எல்லா விரல்களும் அறைக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு இல்லை, நெரிசலாக. வெளியிலிருந்து உள்ளே. சாக்கடையிலிருந்து அவர் கட்டிலைப் பார்த்து.

வெறுங்காலோடு படுத்திருக்கிற மனுஷன். வெளியில் போகும் என்று சொன்னாரே, வெளியில் இருப்பதெல்லாம் அல்லவா உள்ளே வருகிறது! மூலையில் அவருடைய சிமெண்டு டப்பா இருந்தது, இரும்பு நார் இருந்தது. கையில் மாட்டியிருந்த அங்குஸ்தானைக்கூடக் கழற்றவில்லை. விரலில் ஊசி ஏறாமல் இருக்க நாங்கள் மாட்டிக்கொள்கிற அந்தச் சின்ன உலோகக் குப்பியோடுதான் ஓடிவந்திருந்தேன். நாரைத் திணித்தேன், சிமெண்டைக் குழைத்து அழுத்தி அழுத்திப் பூசினேன். முன்னால் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தேன். பத்து நிமிஷ வேலை. சொன்னால் திட்டுவார், கால் ஆறின பிறகு சொல்லிக்கொள்ளலாம். மேலே ஏறிவரும்போது மனசு லேசாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மதியம் அவர் காய்ச்சலோடு வந்தார். புண்ணுக்குள் கிருமி போயிருக்கிறது என்று ஊசி போட்டு, தூக்க மாத்திரையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கண்ணைத் திறக்க முடியவில்லை. பலகைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் கஞ்சி கொண்டுபோனேன். நாலு வாய் குடித்தார், சாய்ந்துவிட்டார். உடம்பு உதறிக்கொண்டிருந்தது. போர்வையை நானே விரித்துப் போர்த்தினேன். கட்டுப்போட்ட கால் இறுகக்கூடாதே என்று ஓரங்களைச் செருகாமல் தளர்வாக விட்டேன். இரண்டு பக்கமும் அது தரைவரை தொங்கியது.

பார்த்தேன். தொங்குவதைப் பார்த்தேன். நல்ல பெரிய போர்வையாகத்தான் தைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவரே அடித்த தகரப் பட்டை தரையோடு கச்சிதமாக உட்கார்ந்தது.

மறுநாள் காலை தேநீரோடு இறங்கினேன். வாசலுக்கு இரண்டு படி இருக்கும்போதே சத்தம் கேட்டது. கதவின் அடியில், உள்பக்கமிருந்து, தகரத்தைச் சுரண்டுகிற சத்தம். ஒன்று சுரண்டினால் விட்டு விட்டுக் கேட்கும். இது விடாமல் கேட்டது.

கதவைத் தள்ளினேன். என் காலை உரசிக்கொண்டு அவை வெளியேறின, சுவரோரமாக, வரிசையாக, அவசரமில்லாமல். நான் எண்ணவில்லை. தேநீர் எப்போது கைநழுவியது என்று தெரியாது.

பூட்ஸ் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். போர்வையை இடதுகாலில் சுற்றி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். என் துண்டுத் துணிகளில் வெள்ளை, மஞ்சள், நீலம் எல்லாம் ஒரே நிறமாக ஆகியிருந்தன. தரைப் பவுடர் முழுக்கக் கால்கள். கட்டிலைச் சுற்றி வெள்ளைத் தடம், கட்டிலிலிருந்து கதவுவரை சிவப்புத் தடம்.

"கதவை மூடாத," என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. "போகட்டும். நேத்திலேர்ந்து தண்ணிகூட இல்லாம அலைஞ்சிருக்குங்க. மேல எல்லா வழியும் நானே அடைச்சிட்டேன். இங்கதான் வந்தாகணும்."

பலகை கீழே விழுந்து கிடந்தது. அவர் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"யாரு அடைச்சது?"

"தெரியலையே அண்ணே," என்றேன்.

இதை எழுதிவிட்டேன். இனி மிச்சத்தைச் சொல்வது கஷ்டமில்லை.

இடதுகாலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விரல்களும் குதிகாலின் பாதியும் மிஞ்சாத நிலையில், கிருமி மேலே ஏறாமல் இருக்க வேறு வழியில்லை என்றார்கள். மகள் வந்து ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வெளியே ஓடிய எலிகள் எங்கள் கட்டடத்துக்குத் திரும்பி வரவில்லை. வர வழியில்லை. அவ்வளவு சுத்தமாக அடைத்திருந்தார். என் அலமாரி, என் துணிகள், முதல் மாடிக்காரியின் குழந்தை, எல்லோரும் பத்திரம்.

படிக்கட்டில் பேச்சு மட்டும் ஓயவில்லை. "எலி பிடிக்க வந்தவரை எலி தின்னுடுச்சாமே." செயலாளர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: காய்ச்சல் மயக்கத்தில் அவரே ஓட்டையை அடைத்துவிட்டு மறந்திருப்பார், வயசாகிவிட்டது, இந்த வேலைக்கு இனி லாயக்கில்லை. பக்கத்துத் தெருவில் அவரைக் கூப்பிட இருந்தவர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். "உங்களுக்குத்தான் நல்லா தெரியுமே, அப்படித்தானே இருக்கும்?" என்று செயலாளர் என்னைப் பார்த்துக் கேட்டார். பத்துப் பேர் இருந்தார்கள். நான் தலையை ஆட்டினேன். அந்த மனுஷனிடம் காலுக்கு அடுத்தபடி இருந்தது தொழிலில் எடுத்த நல்ல பெயர் ஒன்றுதான். அதையும் அன்று நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அவர் திரும்பி வந்தது ஒரு மதியம். இரண்டு கட்டைகளை அக்குளில் ஊன்றி மூன்று மாடியும் ஏறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. வலதுகாலில் புது பூட்ஸ் ஒன்று மட்டும். தோளில் பழைய பை. நான் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றேன்.

"உக்காரும்மா. ஒரு வேலை இருக்கு." பையிலிருந்து நான்கு கால்சட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். "இடது கால் மட்டும் குட்டை பண்ணணும். தொங்கினா தடுக்குது."

அளவெடுக்க மண்டியிட்டேன். டேப்பை முழங்காலில் வைத்துக் கீழே இழுத்தேன். முழங்காலிலிருந்து ஒரு சாண்கூட வரவில்லை.

"ஆறு வருஷம் என்ன பண்ணாலும் தெரியாது அந்தக் காலு," என்றார் தலைக்கு மேலிருந்து. "இப்ப இல்லாம போனப்புறம் வலிக்குது. விரல் விரலா வலிக்குது. டாக்டர்கிட்ட சொன்னா அப்படித்தான் இருக்கும்ங்கறாரு."

நான் நிமிரவில்லை. பையை அவர் மறுபடி துழாவுகிற சத்தம் கேட்டது. மேசையில் ஏதோ வைத்தார். கனமான சத்தம்.

உள்ளங்கை அளவு சிமெண்டுக் கட்டி. பின்பக்கம் இரும்பு நார் சிக்கியிருந்தது. முன்பக்கத்தில், அழுத்திய இடமெல்லாம், வட்டமாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் ஊசிமுனை அளவில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். என் வலதுகை நடுவிரலில் அங்குஸ்தான் மாட்டியே இருந்தது.

அவர் அதை என்னிடமிருந்து கழற்றவும் இல்லை, பொருத்திப் பார்க்கவும் இல்லை. கால் வாசிக்கிறவருக்கு விரல் வாசிக்கத் தெரியாதா.

"அன்னைக்குக் கதவுகிட்ட நின்னு நீ பதில் சொன்னப்பவே தெரியும்," என்றார். "இருந்தாலும் உடைச்சுப் பாத்தேன். பூச்சு நல்லா இருக்கு, ஒரு பொத்தல் இல்ல." கட்டியைத் திருப்பி வைத்தார். "உள்ள பாத்த அடியை மட்டும் பாத்திருக்க தங்கச்சி. அது விடியக்காலைல கூட்டுக்குத் திரும்பினது. வெளிய போன அடி அதுக்கு அடியில இருந்திருக்கும். டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாக்கணும். அதை நான் உனக்குச் சொல்லித் தரல."

போர்வையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை யார் விரித்தது என்று அவருக்குத் தெரியும். மாத்திரை மயக்கத்தில் இருந்தாலும் பக்கத்தில் இருந்தது நான் மட்டும்தான்.

"எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் அண்ணே," என்றேன். அழுகையில் எனக்கே என் குரல் புரியவில்லை. "இப்பவே கீழ போய் செயலாளர்கிட்ட சொல்றேன்."

"சாயங்காலம் சொல்லு," என்றார். "இப்ப இதை அடிச்சுக் குடு. நான் இறங்கிப் போகணும்."

நான்கு கால்சட்டையும் தைத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, என் ஜன்னல் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், தரையிலிருந்து ஒரு சாண் தூக்கித் தைத்திருந்த திரைகளை. வெட்டியெடுத்த நான்கு துண்டுக் கால்களும் மிஷினுக்கு அடியில் விழுந்து கிடந்தன. அவர் போன பிறகும் அவற்றைக் குனிந்து எடுக்க என்னால் முடியவில்லை.